பிணையாக நிற்பவள்

தமிழில் ‘கடன்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒருவரிடம் வாங்கித் திருப்பித் தரவேண்டிய பணம் ஒன்று. செய்தே ஆகவேண்டிய கடமை மற்றொன்று. காலைக்கடன், நன்றிக்கடன், இறுதிக்கடன் என்றெல்லாம் பேசும்போது நாம் பணத்தை நினைப்பதில்லை. வடமொழியிலும் ‘ருணம்’ என்ற சொல் இவ்வாறே இரு பக்கமும் பார்க்கிறது. தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்களுக்கும் பட்ட கடன்களோடுதான் மனிதன் பிறக்கிறான் என்பது நம் சாஸ்திரங்களின் கருத்து.

ஆனால் அந்தக் கடனுக்கு வட்டி இல்லை, தவணைத் தேதி இல்லை, பிணை கேட்பாரும் இல்லை. கொடுத்தவர் கணக்கு எழுதி வைப்பதில்லை. பெற்றவர்தான் மறவாமல் நினைவில் கொள்கிறார். பணக்கடனில் இது தலைகீழாகிறது. கொடுத்தவர் எழுதி வைக்கிறார்; எழுதியதோடு நில்லாமல், திரும்பி வரும் என்பதற்கு ஓர் உறுதியையும் கேட்கிறார். நிலம் இருப்பவர் பட்டாவைக் காட்டுகிறார். நகை இருப்பவர் நகையை வைக்கிறார். இரண்டும் இல்லாத ஏழைப் பெண் எதை வைப்பாள்?

சென்ற ஐம்பது ஆண்டுகளில் உலகம் இக்கேள்விக்கு ஒரு விடையைக் கண்டுபிடித்திருக்கிறது: அவள் தன் தோழியரை வைப்பாள். ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுவார்கள். நுண்கடன் என்று நாம் அழைப்பதன் அடிப்படை இதுதான். பெண்களின் பொருளாதார விடுதலைக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்று புகழ்பவர்களும் இருக்கிறார்கள், இது கந்துவட்டியின் புது வேடம் என்று இகழ்பவர்களும் இருக்கிறார்கள். புகழ்ச்சி, இகழ்ச்சி இரண்டையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு தார்மிகக் கேள்வியாக இதை நாம் பார்க்கலாம். ஒரு பெண்ணின் நட்பையும் அண்டை வீட்டு உறவையும் ஈடாக ஏற்பது நியாயமா? நியாயம் என்றால், எந்த நிபந்தனையில்?

மண்ணைத் தொடுபவளும் பட்டாவும்

வெறும் கருத்துலகில் நின்று இதற்கு விடை தேட முடியாது. ஓர் இடத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, ஆனையிறங்கல் வழியாகச் சென்றால் சூரியநெல்லியை அடையலாம். இடுக்கி மாவட்டத்தின் சின்னக்கானல் பஞ்சாயத்தைச் சேர்ந்த ஊர். கொழுக்குமலைக்கு ஜீப்பில் செல்லும் சுற்றுலாப் பயணிகள் இதன் பெயரை அறிவார்கள். சுற்றிலும் தேயிலையும் ஏலமும். மாநிலம் கேரளம் என்றாலும், தோட்டங்களில் வேலை செய்பவர்களுள் பெரும்பாலோர் பல தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழர்களின் வழிவந்தவர்கள். இவர்களைத் தவிர, இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் விடியற்காலையில் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறி, மாலையில் இறங்குகிறார்கள். இவர்களுள் பலருக்குக் கடன் மலையின் இந்தப் பக்கத்தில், கூலி அந்தப் பக்கத்தில்.

ஏலம் தனித்தன்மை உடைய பயிர். காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து தரையோடு படர்ந்து வரும் சரங்களில் காய்க்கிறது. ஆகவே காய் எடுப்பவர் செடிக்குச் செடி குனிந்தும் மண்ணில் அமர்ந்தும் தேட வேண்டும். எல்லாக் காய்களும் ஒரே நேரத்தில் முற்றுவதும் இல்லை. மாதம், ஒன்றரை மாதத்திற்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வந்து, முற்றியதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். முற்றியது எது, இளசு எது என்று விரல்கள் அறிந்திருக்க வேண்டும். இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. எடுத்த காய் ஸ்டோரில் உலர்ந்து, புற்றடியிலோ போடியிலோ மின்னணு ஏலத்துக்குப் போகிறது. 2019ஆம் ஆண்டு அங்கே விலை வரலாறு காணாத உயரத்துக்குச் சென்றது. இரண்டே ஆண்டுகளில் அதில் ஒரு சிறு பகுதியாகச் சரிந்தது. ஏற்றத்திலும் சரிவிலும் காய் எடுத்தவளின் கருத்தை யாரும் கேட்பதில்லை.

இவள் விவசாயியா? மண்ணையும் செடியையும் பருவத்தையும் இவளைவிட அறிந்தவர் அந்தத் தோட்டத்தில் சிலரே இருப்பார்கள். ஆயினும் பதிவேட்டில் இவள் கூலியாள். நாட்டின் பிற பகுதிகளிலும் நிலைமை அதிகம் வேறுபடவில்லை. நடவும் களையெடுப்பும் அறுவடையும் பெரும்பாலும் பெண்கள் கையில்; ஆனால் 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, நூறு சாகுபடிப் பண்ணைகளுள் ஏறத்தாழ 14 மட்டுமே பெண்களின் பொறுப்பில் இருந்தன.

திருக்குறளில் உழவு அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களை அன்பர்கள் நினைவுகூரலாம். உரியவன் சென்று பாராத நிலம் மனைவியைப் போல ஊடும் என்கிறது ஒன்று. வறுமை என்று சோம்பியிருப்பவரைக் கண்டு நிலமகள் நகைப்பாள் என்கிறது மற்றொன்று. இரண்டிலும் பெண் வருகிறாள், ஆனால் நிலத்துக்கு உவமையாக வருகிறாள். நிலத்துக்கு உரியவளாக அல்ல. வள்ளுவரைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தம் கால உலகைப் பாடினார். நம் கால ஆவணங்கள் அதே உவமையில் நின்றுவிட்டனவே என்பதுதான் வருத்தம்.

இந்த வேறுபாடு நேராகக் கடனில் வந்து முட்டுகிறது. வங்கியின் பயிர்க்கடன் குறைந்த வட்டிக்குக் கிடைக்கிறது. அதன் தவணை அறுவடையை ஒட்டி அமைகிறது. ஆனால் அதற்கு நில ஆவணம் வேண்டும். ஆவணம் இல்லாத பெண்ணுக்கு எஞ்சுவது குழுக்கடன். அதன் வட்டி அதிகம். தவணையோ வாரந்தோறும் அல்லது மாதந்தோறும். ஆக, மண்ணில் கை வைத்து உழைப்பவள் அதிக விலை கொடுத்துப் பணம் வாங்குகிறாள். பட்டாவில் பெயர் உள்ளவர், தாமே உழாவிட்டாலும், குறைந்த விலைக்கு வாங்குகிறார். நுண்கடன் இந்த அநீதியை உண்டாக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் அது வேர் பிடித்து வளர்ந்தது.

ஏழை ஏன் திருப்பித் தருகிறாள்?

1976ஆம் ஆண்டு வங்கதேசத்தின் சிட்டகாங் அருகே ஜோப்ரா என்ற சிற்றூரில், பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ் 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் மதிப்புள்ள தொகையைக் கடனாகக் கொடுத்தார். மூங்கில் முக்காலி பின்னும் பெண்கள், மூங்கில் வாங்கக் கையில் காசில்லாமல் வியாபாரிக்கே தங்கள் பொருளை விற்கும்படி கட்டுண்டு கிடந்ததைப் பார்த்ததன் விளைவு அது. 1983இல் கிராமீன் வங்கி உருவானது. 2006இல் அவருக்கும் அந்த வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஏழைப் பெண்கள் வாங்கிய கடனைத் திருப்பித் தருகிறார்கள் என்பது உலகுக்கு ஒரு கண்டுபிடிப்பாக இருந்தது. (நம் ஊர்ச் சீட்டுப் பிடிக்கும் பெண்களுக்கு அது செய்தியே அல்ல.)

ஏன் திருப்பித் தருகிறார்கள்? இங்கே இரண்டு விடைகள் உள்ளன. ஏழைகள் நாணயமானவர்கள் என்பது ஒரு விடை. தன்னைச் சுற்றியுள்ளவர்களின் கண் தன்மேல் இருப்பதால் என்பது மற்றொரு விடை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு கடன் திட்டம் இவற்றுள் எதை நம்பி நடக்கிறது என்பதைப் பொறுத்து அதன் தன்மையே மாறிவிடுகிறது. முதலாவதை நம்புபவன் அவளுடைய குணத்தை மதிக்கிறான். இரண்டாவதை நம்புபவன் அவளுடைய அச்சத்தைக் கணக்கிடுகிறான்.

இந்தியாவில் இரு வழிகளும் அடுத்தடுத்து வளர்ந்தன. 1974இல் ஆமதாபாத்தில் ஏறத்தாழ 4,000 உழைக்கும் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு, சேவா அமைப்பின் கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். இலா பட் அம்மையாரின் முயற்சி அது. அங்கே கடன் வாங்குபவளே வங்கியின் உடைமையாளர். 1992இல் நபார்டு வங்கி 500 சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சியைத் தொடங்கியது. அதில் முதலில் சேமிப்பு, பிறகு தங்கள் சேமிப்பிலிருந்தே ஒருவருக்கொருவர் சிறுகடன், அதன் பின்னரே வங்கிக் கடன். மாதக்கணக்கில் கூடிப் பேசி, ஒருவரையொருவர் அறிந்துகொண்ட பிறகே கடன் அந்த உறவுக்குள் நுழைகிறது.

தனியார் நுண்நிதி நிறுவனங்கள் பலவற்றின் வழியில் இந்த வரிசை மாறியது. முதலில் கடன், கடனுக்காகவே குழு. ஐந்து பெண்களின் கையெழுத்தும் ஆதார் அட்டையும் புகைப்படமும் வாங்கிய அடுத்த வாரமே தவணை தொடங்கிவிடும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றுகின்றன: ஒரு வீட்டுத் திண்ணை, வட்டமாக அமர்ந்த பெண்கள், நடுவில் ஒரு நோட்டு. அந்த நோட்டு யாருடையது என்று கேட்டால் வேறுபாடு விளங்கும்.

மானம் என்னும் ஈடு

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட், பொருள்களை இரண்டாகப் பிரித்தார். விலை உள்ளவை ஒருவகை. அவற்றுக்குப் பதிலாக வேறொன்றை வைக்கலாம். விலைக்கு அப்பாற்பட்டவை மற்றொரு வகை; அவற்றுக்கு மாற்று இல்லை. மனிதனின் மாண்பு இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்றார் அவர். நம் மொழியில் ‘மானம்’ என்ற சொல் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கிறது. நகையை அடகு வைத்தால் மீட்கலாம். மீட்க முடியாமல் போனாலும் நகையோடு போயிற்று. மானத்தை அடகு வைத்தவள் தவணை தவறிய நாளில், எதைக் கொடுத்து அதை மீட்பாள்?

இது வெறும் சொற்சிலம்பம் அல்ல. 2010இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் நடந்ததை நாடு அறியும். அந்த ஆகஸ்டில் நாட்டின் மிகப்பெரிய நுண்நிதி நிறுவனம் பங்குச் சந்தையில் பங்குகளை வெளியிட்டுப் பெரும் தொகை திரட்டியது. அடுத்த சில வாரங்களில் அம்மாநிலக் கிராமங்களிலிருந்து கடன் தொல்லையால் தற்கொலைச் செய்திகள் வந்தன. அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஒரே பெண்ணுக்கு நான்கைந்து நிறுவனங்கள் கடன் கொடுத்திருந்தன. கட்ட முடியாதவள் வீட்டு வாசலில் வசூலிப்பவர் மட்டும் நிற்கவில்லை. அவளுடைய குழுவைச் சேர்ந்த பெண்களையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் கட்டாதவரை அவர்களும் வீடு திரும்ப முடியாது. நேற்றுவரை குழம்பு கிண்ணம் மாற்றிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரியின் வாயிலிருந்தே வசைச்சொல் வரவேண்டும் என்பதுதான் அந்த முறையின் நுட்பம். வங்கதேசத்தில் ஆய்வு செய்த மானிடவியலாளர் லாமியா கரீம், அவமானமே அங்கே பொருளாதாரமாக இயங்குகிறது என்ற கருத்தை முன்வைத்தார்.

மறுபக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. ‘அப்படியானால் குழுக்கடனே வேண்டாம்’ என்று ஆசிரமத்தில் அமர்ந்துகொண்டு சொல்லிவிடுவது எளிது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில், நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி கேட்பவரின் கதவைத் தட்டியவளிடம் அதைச் சொல்ல முடியாது. கேரளத்தில் 2018ஆம் ஆண்டு பாலக்காடு மாவட்டத்தில், கந்துவட்டியிலிருந்து பெண்களை மீட்பதற்காகவே கூட்டுறவு வங்கிகளும் மகளிர் குழுக்களும் சேர்ந்து ஒரு சிறுகடன் திட்டத்தைத் தொடங்கின. ‘முற்றத்து முல்லை’ என்பது அதன் பெயர். முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. அருகில் இருப்பதன் அருமை தெரியாது என்பது கருத்து. அருகில் இருப்பவரின் கடன் தேவைதான். அருகில் இருப்பவரின் பிணையும் தவறல்ல. அந்தப் பிணை யாருக்காக நிற்கிறது என்பதே கேள்வி.

கௌடில்யர் வகுத்த மூன்று விதிகள்

இந்த இடத்தில் நமது பழைய நூல் ஒன்று எதிர்பாராத விதத்தில் உதவிக்கு வருகிறது. அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் பகுதியில் கடனைப் பற்றிய அத்தியாயம் ஒன்று உள்ளது. கௌடில்யர் கருணைக்குப் பெயர் பெற்றவர் அல்லர். வரவு செலவு அறிந்தவர். அதனாலேயே அவர் சொல்வதற்கு எடை அதிகம்.

நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் தர்மத்துக்கு உகந்த வட்டி என்று அவர் வரையறுக்கிறார். ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து. தானியக் கடனுக்கு அவர் தனி விதி சொல்கிறார்: விளைச்சல் கைக்கு வரும்போது வட்டி கணக்கிடப்படும், அது முதலில் பாதிக்கு மேல் போகலாகாது. வேலைக் காலத்தில் உழவரைக் கடனுக்காகப் பிடிக்கக் கூடாது என்பது மற்றொரு விதி. உழவனின் காலம் மழையின் காலம், வட்டிக்காரனின் நாட்காட்டி அல்ல என்பதை இவ்விரு விதிகளும் ஒப்புக்கொள்கின்றன.

வாரத்தவணையை இதன் அருகில் வைத்துப் பார்ப்போம். அன்றாடம் காய்கறி விற்று அன்றாடம் காசு பார்க்கும் பெண்ணுக்கு வாரத்தவணை பொருந்தலாம். பயிரிடுபவளுக்கு அது எப்படிப் பொருந்தும்? ஏலக்கன்று நட்டால் காய்ப்புக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். மரவள்ளிக்கு எட்டு மாதம், பத்து மாதம். அடுத்த செவ்வாய்க்கிழமை தவணை கட்டவேண்டியவள் அந்தப் பணத்தை நிலத்தில் போட மாட்டாள். போட்டால், தவணையைக் கட்ட வேறிடத்தில் கூலிக்குப் போவாள் அல்லது இரண்டாவது கடன் வாங்குவாள். விவசாயத்துக்கு என்று எழுதிக் கொடுத்த கடன் விவசாயத்துக்குப் போகாததற்கு அவளுடைய பொறுப்பின்மை காரணம் அன்று, தவணைக்குப் பருவம் தெரியாததே காரணம். கிராமீன் வங்கியும் 1998ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு இதை உணர்ந்தது; இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் விதிகளைத் தளர்த்தி, தவணைகளை மாற்றியமைத்துக்கொள்ள வழி செய்தது.

கௌடில்யரின் மூன்றாவது விதி நம்மைச் சிந்திக்கவைப்பது. கணவன் பட்ட கடனுக்கு, தான் பொறுப்பேற்காத மனைவியைப் பிடிக்கலாகாது என்கிறார். உடனே ஒரு விலக்குச் சொல்கிறார்: ஆயர்களும் பாதி வாரத்துக்கு உழும் குடியானவர்களும் நீங்கலாக. அதாவது, வாரத்துக்கு உழுபவனின் மனைவி, தான் பொறுப்பேற்காவிட்டாலும், கணவனின் கடனுக்குப் பொறுப்பாளி. ஏன் இந்த விலக்கு? அந்தக் குடும்பங்களில் மனைவியும் சேர்ந்தே உழைத்தாள், தொழில் இருவருடையது. உரையாசிரியர்கள் இப்படியே விளக்கம் காண்பார்கள்.

இதைப் படிக்கும்போது மனம் சற்று நின்றுவிடுகிறது. உழவுத் தொழிலில் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்பதை நம் பழைய சட்டநூல் அறிந்திருந்தது. ஆனால் அந்த அறிவு அவளுக்கு உடைமையாக வரவில்லை, கடனாக வந்தது. அவள் உழைப்பை ஒப்புக்கொண்டதன் அடையாளம், அவளையும் பிடிக்கலாம் என்ற அனுமதி. இன்றைய குழுக்கடன் அவளுடைய பெயரைத் தனியாக எழுதுகிறது. கடன் அட்டையில் அவள் படம் இருக்கிறது. பட்டாவிலோ இன்னும் அவள் பெயர் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அயல் என்ற சொல்

1998ஆம் ஆண்டு மே 17 அன்று மலப்புறத்தில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்த ‘குடும்பஸ்ரீ’ இயக்கம், இன்று கேரளத்தின் எல்லாப் பஞ்சாயத்துகளிலும் இருக்கிறது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் உறுப்பினர்கள். பத்து முதல் இருபது பெண்கள் கொண்ட அடிமட்டக் குழுவுக்கு அங்கே ‘அயல்கூட்டம்’ என்று பெயர். மொழிபெயர்ப்பு வேலையில் ஈடுபட்டிருப்பவனை இச்சொல் தடுத்து நிறுத்தும். மலையாளத்தில் அயல் என்றால் அண்டை. தமிழிலும் பழைய பொருள் அதுவே. ஆனால் அயலார், அயல்நாடு என்று சொல்லிச் சொல்லி, நம்மிடம் அது அந்நியம் என்ற பொருளை நோக்கி நகர்ந்துவிட்டது. ஒரே சொல் எல்லைக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டாள், இந்தப் பக்கம் வேற்றாள். கடன் இரண்டில் எதையும் செய்ய வல்லது.

குடும்பஸ்ரீயின் கூட்டு விவசாயம், ‘சங்ககிருஷி’ என்று அவர்கள் அழைப்பது, நம் கேள்விக்கு ஒரு நல்ல பதிலைத் தொட்டுக் காட்டுகிறது. நான்கு முதல் பத்துப் பெண்கள் சேர்ந்து தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சேர்ந்தே பயிரிடுகிறார்கள். கடனுக்குக் கூட்டுப் பொறுப்பு இங்கும் உண்டு. ஆனால் கூட்டு என்பது கடனில் மட்டும் இல்லை. உழைப்பிலும் விளைச்சலிலும் இருக்கிறது. விளைந்ததில் முதலில் வீட்டுத் தேவைக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்கிறார்கள். கோழிக்கோடு மாவட்டத்தின் பேராம்பிராவில் 26 ஆண்டுகள் தரிசாகக் கிடந்த 140 ஏக்கர் நிலத்தை இப்படி மீட்டார்கள். ஒருத்தி நோய்வாய்ப்பட்டால் மற்றவர்கள் அவள் பங்கு வேலையைச் செய்ய முடிகிறது. வெறும் கடன்குழுவில் அவள் பங்குத் தவணையைக் கேட்க மட்டுமே முடியும். பொறுப்பு மட்டும் கூட்டாக இருந்து பலன் தனித்தனியாக இருந்தால் ஒருவரையொருவர் கண்காணிக்கத் தோன்றும். பலனும் கூட்டாக இருந்தால் ஒருவரையொருவர் தாங்கத் தோன்றும். இதில் மனிதர்களின் நற்குணம் கூடுவதோ குறைவதோ இல்லை, அதே பெண்கள்தாம்.

ஆயினும் இதிலும் ஒரு முள் இருக்கிறது. கேரளத்தின் நிலச்சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையை ஒழித்தது. புதிய குத்தகைக்கும் தடை விதித்தது. உழுதவனுக்கு நிலம் தந்த புகழ்பெற்ற சட்டம் அது. அதன் விளைவாக இன்று நிலமற்ற பெண்கள் எடுக்கும் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சில் நிற்கிறது. புதர் வெட்டி, கல் பொறுக்கி, மண்ணைத் திருத்திய பின் உரியவர் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அதே சட்டம் தோட்டப் பயிர் நிலங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்களித்தது. ஆகவே சூரியநெல்லி போன்ற மலைப்பகுதிகளில், தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு அந்தச் சீர்திருத்தத்தால் நிலம் வரவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்தையும் விட வேண்டும்.

நிலம் மட்டும் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், கேரளப் பழங்குடியினரின் போராட்டத்தைத் தொடர்ந்து, சின்னக்கானலில் 301 குடும்பங்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. அவ்விடத்துக்கு ‘301 காலனி’ என்றே பெயர் வந்தது. அது காலங்காலமாக யானைகள் நடமாடும் நிலம். பயிர் அழிந்தது, வீடுகள் உடைந்தன, உயிர்களும் போயின. பல குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின. அரிசி தேடிக் கடைகளை உடைத்ததால் அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற யானையை 2023 ஏப்ரல் 29 அன்று அங்கிருந்து பிடித்துச் சென்றது நாடெங்கும் செய்தியானது. அந்த யானைக்காக இரங்கியவர்கள் பலர், இரங்கத்தான் வேண்டும். பட்டா கையில் இருந்தும் விதைக்க அஞ்சிய பெண்ணின் பெயரை அப்போது யாரும் கேட்கவில்லை.

சக்தி கொடுக்கப்படுவதா?

‘எம்பவர்மென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குவது எப்போதுமே சங்கடம். அதிகாரமளித்தல் என்கிறோம். அளிப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்ற படிநிலை அச்சொல்லிலேயே வந்துவிடுகிறது. மலையாளத்தில் ‘சாக்தீகரணம்’ என்பார்கள்; சக்தியுள்ளவளாக ஆக்குதல். சக்தி என்பதே பெண்ணின் பெயராக இருக்கும் நாட்டில், அவளைச் சக்தியுள்ளவளாக ஆக்குவது யார்?

பணம் கையில் கொடுத்தால் அதிகாரம் தானே வந்துவிடும் என்ற நம்பிக்கை பல ஆய்வுகளில் தளர்ந்துவிட்டது. வங்கதேசத்தில் ஆன் மேரி கோட்ஸும் ரீனா சென்குப்தாவும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களின் பெயரில் எடுத்த கடன்களில் கணிசமானவற்றை ஆண்களே கையாள்வதைக் காட்டியது. திருப்பிக் கட்டும் பொறுப்பு மட்டும் பெண்ணிடம் தங்கியது. ஹைதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் உள்ளிட்ட குழு நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. கடன் கிடைத்த பகுதிகளில் சிறுதொழில் முதலீடு ஓரளவு கூடியது; பெண்களின் முடிவெடுக்கும் உரிமையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. அது நகரத்தில் நடந்த ஆய்வுதான். கிராமத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் பணம் ஒரு கருவிதான், அதைப் பிடிக்கும் கை வேறு எங்கிருந்தோ வலிமை பெற வேண்டும் என்பது புலப்படுகிறது.

அந்த வலிமை எங்கிருந்து வரும் என்பதற்குச் சூரியநெல்லிக்கு அருகிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறின் தேயிலைத் தோட்டப் பெண்கள், ஆயிரக்கணக்கானோர், 20 சதவீத போனஸ் கேட்டு வேலையை நிறுத்திச் சாலையில் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். ‘பெண்கள் ஒருமை’ என்ற பொருளில் ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் போனஸ் கோரிக்கை நிறைவேறியது. பின்னர் அந்த ஆண்டிலேயே, 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது; அவர்கள் கேட்டது 500. அந்த அமைப்பு பிற்பாடு பிளவுபட்டது, தளர்ந்தது; அது வேறு கதை.

நம் விசாரணைக்கு அதில் ஒன்று முக்கியம். அந்தப் பெண்களும் ஒருவருக்கொருவர் பிணை நின்றார்கள். கூலி இல்லாத ஒன்பது நாட்களில் ஒருத்தி தளர்ந்து வேலைக்குத் திரும்பியிருந்தால் மற்றவர்களின் துணிவும் கரைந்திருக்கும். கூட்டுப் பொறுப்பு அங்கே முழுமையாக இருந்தது. வசூலிப்பவர் யாரும் இல்லை. பக்கத்து லயத்துக்காரியின் கண் தன்மேல் இருக்கிறது என்பது அவமானமாக அல்ல, ஆறுதலாக இருந்தது. இந்தப் பிணையை எந்த நிறுவனமும் கேட்டு வாங்கவில்லை, எந்தப் படிவத்திலும் கையெழுத்தாகவில்லை. தொடக்கத்தில் நாம் சொன்ன கடனின் மறுபொருள், கடமை என்ற பொருள், இங்கேதான் மீண்டும் தலைகாட்டுகிறது.

ஆகவே ஒரு குழுக்கடன் தர்மமானதா என்று அறிய, திரும்பி வந்த தொகையின் சதவீதத்தைப் பார்ப்பதில் பயனில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வந்தது என்பது கொடுத்தவரின் நலத்தைத்தான் சொல்கிறது. கட்ட முடியாமற்போன அந்த இரண்டு பேரிடம் போக வேண்டும். அந்த வாரம் குழு அவளோடு நின்றதா, அவள் வாசலில் நின்றதா என்று கேட்க வேண்டும்.

சட்டங்கள் மெல்ல அசைகின்றன. உழவுத் தொழில் செய்யும் பெண்ணுக்கு, நிலம் அவள் பெயரில் இல்லாவிட்டாலும், விவசாயி என்ற சான்றிதழ் வழங்க வகை செய்யும் தனிநபர் மசோதாவை எம். எஸ். சுவாமிநாதன் 2012இல் மாநிலங்களவையில் கொண்டுவந்தார். அது சட்டமாகாமலே காலாவதியாயிற்று. 2026ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பெண் விவசாயிகளின் ஆண்டாக அறிவித்திருக்கிறது. கடன் வசூலில் வன்முறையையும் மிரட்டலையும் தடுக்கும் சட்டம் ஒன்று 2025இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த விதிகளின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டவேண்டிய தவணை, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: தவணைக்கால இடைவெளியை வாங்குபவரின் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ள நிறுவனங்கள் இடம் தர வேண்டும். கௌடில்யர் விளைச்சலோடு கட்டிவைத்த தவணை, காகித அளவிலாவது திரும்பி வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் நோட்டோடு வருபவரிடம், ‘என் தவணையைக் காய் எடுப்பு முடிந்த மாதத்தில் எழுதுங்கள்’ என்று போடியிலோ தேவாரத்திலோ ஒரு பெண் கேட்கலாம். கேட்கும்போது அவள் குழுவைச் சேர்ந்த மற்ற நால்வர் என்ன சொல்வார்கள்?